‘கேன்சர் கொஞ்சம் காத்திருக்கும்’ என்ற வாதம்

2020 மார்ச் 20-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் நாட்டிலுள்ள மருத்துவமனைகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. அத்தியாவசியமில்லாத, திட்டமிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவையுங்கள் என்றது அது. கேன்சர் ஆபரேஷனை நிறுத்து என்று அதில் யாரும் எழுதவில்லை. ஆனால் நான்கு நாளில் ஊரடங்கு வந்ததும் பல இடங்களில் ‘அத்தியாவசியமில்லாத’ என்ற சொல்லை மறந்துவிட்டு, ‘திட்டமிட்டுச் செய்யும்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று என்று ஆரம்பித்த பட்டியலில் வாய்ப் புற்றும் கணையப் புற்றும் போய்ச் சேர்ந்தன. முன்கூட்டியே தேதி குறித்துச் செய்கிற ஆபரேஷன் எதுவானாலும் அவசரமில்லாதது என்று கணக்குப் போட்டால், கேன்சர் ஆபரேஷன் எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும்.

அன்று சொன்ன காரணங்கள் இன்றும் செல்லுபடியாகின்றன. தொற்றுக்காலத்தில் ஓர் அரசு மருத்துவமனை கேன்சருக்குப் பெரிய ஆபரேஷன் செய்தால் நோயாளிக்கும் ஆபத்து, ஊழியர்களுக்கும் ஆபத்து, ஊருக்கும் நஷ்டம் என்பது கிட்டத்தட்டப் பொதுப்புத்தியாகிவிட்டது. அடுத்த தொற்று வரும்போதும் இதையே சொல்லித்தான் ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டுவார்கள். ஆகவே அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்க்கலாம். அவற்றில் ஒன்று மட்டும் உண்மையிலேயே வலுவானது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

முதலில், பூட்டாத ஒரு மருத்துவமனை. மும்பை பரேலில் உள்ள டாடா மெமோரியல் 1941-ல் டாடா அறக்கட்டளை தொடங்கியது. 1962 முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறைக்குக் கீழே இயங்குகிறது. பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி வரும் ஏழைகளின் கடைசி நம்பிக்கை அது. 2020 ஏப்ரலில் நாட்டிலேயே தொற்று மிக மோசமாக இருந்த நகரம் மும்பை. அந்த நகரத்தின் நடுவில், மார்ச் 23 முதல் ஏப்ரல் 30 வரை, டாடாவில் 494 கேன்சர் ஆபரேஷன்கள் நடந்தன. வழக்கத்தைவிடக் குறைவுதான். ஆனால் சில்லறை வேலைகளை மட்டும் செய்துவிட்டுக் கணக்குக் காட்டவில்லை. 423 ஆபரேஷன்கள், அதாவது 85 சதவீதத்துக்கும் மேல், சிக்கலானவை என்ற வகையைச் சேர்ந்தவை. ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை பேர் இறந்தார்கள்? ஒருவரும் இல்லை. பெரிய பின்விளைவுகள் 5.6 சதவீதம் பேருக்கு வந்தன. அறிகுறி தென்பட்டு ஆபரேஷனுக்குப் பின் கொரோனா பரிசோதனை செய்யப்பட்டவர்கள் 26 பேர். 6 பேருக்குத் தொற்று இருந்தது. அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் கொரோனாவுக்காகத் தீவிர சிகிச்சை தேவைப்படவில்லை. ஷ்ரிகண்டே உள்ளிட்ட டாடா மருத்துவர்கள் இந்த விவரங்களை அதே ஆண்டில் ‘அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி’ இதழில் வெளியிட்டார்கள்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஆடவும் கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

‘சில வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது’ என்பதுதான் முதல் வாதம். சில புற்றுகளைப் பொறுத்தவரை உண்மை. தைராய்டில் வரும் பாப்பில்லரி வகை, மெதுவாக வளரும் புராஸ்டேட் புற்று, ஹார்மோன் மாத்திரைக்கு அடங்கும் சில மார்பகக் கட்டிகள் எல்லாம் மாதக்கணக்கில் பொறுக்கும். நல்ல நாளிலேயே சிலவற்றைப் பொறுத்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இந்தியாவில் ஆண்களுக்கு மிக அதிகமாக வருவது வாய்ப் புற்று. புகையிலையும் குட்காவும் பாக்கும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து வாங்கிய நோய்.

கன்னத்தின் உட்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண் இருக்கும்போது வருகிறவருக்கு, அந்த இடத்தையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துத் தைத்தால் பெரும்பாலும் போதும். புண் தாடையெலும்பைத் தொட்டுவிட்டால் தாடையையும் சேர்த்து அறுக்க வேண்டும். கீழ்க்காலில் உள்ள இரண்டு எலும்புகளில் மெல்லியதை அதன் ரத்தக்குழாயோடு வெட்டியெடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்பத் துண்டுபோட்டு வளைத்து, கழுத்து ரத்தக்குழாயோடு மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துத் தைப்பார்கள். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். இன்னும் கொஞ்சம் விட்டு, நோய் மெல்லும் தசைகளுக்குள் ஏறி, வாய் ஒரு விரல் அகலம்கூடத் திறக்காமல் பூட்டிக்கொண்டு, கபாலத்தின் அடிவரை போய்விட்டால் ஆபரேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பலருக்கு இந்த மூன்று கட்டங்களுக்கும் நடுவில் இருப்பது சில மாதங்கள்தான். உணவுக்குழாய்ப் புற்று என்றால் நோயாளியே வரிசை சொல்வார்: முதலில் சோறு இறங்கவில்லை, அப்புறம் இட்லி, அப்புறம் கஞ்சி, கடைசியில் சொந்த எச்சில்.

2020 நவம்பரில் பி.எம்.ஜே. இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 12 லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்றது அது. சின்ன எண்ணாகத் தோன்றலாம். நம்மூர் நோயாளியின் தாமதம் எங்கே ஆரம்பிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பல் வலி என்று மருந்துக்கடையில் ஒரு மாதம், தாலுகா ஆஸ்பத்திரியில் சில வாரம், பயாப்சி ரிசல்ட்டுக்குக் கொஞ்சம், ஸ்கேன் வரிசையில் கொஞ்சம். ஏற்கெனவே ஓடிப்போன மாதங்களின் தலையில்தான் இந்த நான்கு வாரமும் ஏறி உட்காருகிறது.

தவிர, நான்கு வாரம் என்று தள்ளிவைத்தது நான்கு வாரத்தில் முடிவதில்லை. தியேட்டரைத் திறக்கிற அன்று பழைய நோயாளியும் புது நோயாளியும் ஒரே மேசைக்குக் காத்து நிற்பார்கள். 61 நாடுகளில் 466 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய கோவிட்சர்ஜ் ஆய்வு, ஆபரேஷன் என்று முடிவாகியிருந்த 20,006 கேன்சர் நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. இடைநிலையாக 23 வாரம் கழித்தும் பத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. லேசான கட்டுப்பாடு இருந்த இடங்களில் இப்படி விடுபட்டவர்கள் 0.6 சதவீதம். முழு ஊரடங்கு இருந்த இடங்களில் 15 சதவீதம்.

இரண்டாவது வாதம் பயமுறுத்துகிற வாதம்: ‘ஆபரேஷன் செய்துகொண்டவருக்குக் கொரோனா வந்தால் நாலில் ஒருவர் செத்துப்போவார்.’ இது கற்பனையில் வந்த எண் இல்லை. 2020 மே மாதம் லான்செட்டில் வந்த ஆய்வில், 24 நாடுகளைச் சேர்ந்த 1,128 பேரில் 23.8 சதவீதம் பேர் முப்பது நாளுக்குள் இறந்திருந்தார்கள். அதற்கு முன்பே வூஹானிலிருந்து ஓர் ஆய்வு வந்திருந்தது: 34 பேரில் 7 பேர் மரணம், 15 பேருக்கு ஐ.சி.யூ. இந்த இரண்டு எண்களும் தியேட்டர் கதவுகளை மூடியே வைக்கக் காரணமாகச் சொல்லப்பட்டன.

அந்த 1,128 பேரும் யார் என்று பார்க்க வேண்டாமா? ஆபரேஷனை ஒட்டி ஏற்கெனவே தொற்று உறுதியானவர்களை மட்டுமே பொறுக்கிச் சேர்த்த கூட்டம் அது. வூஹானின் 34 பேரும் அப்படியே. லான்செட் கூட்டத்தில் 74 சதவீதம் பேருக்கு நடந்தது அவசர ஆபரேஷன்; கிழிந்த குடல், முறிந்த இடுப்பு இந்த மாதிரி. மழையில் வழுக்கி எலும்பு முறிந்து வார்டில் படுத்திருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, மழையில் நடந்தால் எலும்பு முறியும் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. நோயாளிக்குத் தெரிய வேண்டியது வேறு: இன்று எனக்கு ஆபரேஷன் நடந்தால் தொற்று வரும் வாய்ப்பு எவ்வளவு? அதே கோவிட்சர்ஜ் குழு அதற்கும் பதில் தேடியது. 55 நாடுகளில் கேன்சர் ஆபரேஷன் நடந்த 9,171 பேரில், கொரோனா நோயாளிகள் கலக்காத தனி வழி, தனி வார்டு, தனி தியேட்டர் இருந்த இடங்களில் தொற்று வந்தவர்கள் 2.1 சதவீதம். அப்படிப் பிரிக்காத இடங்களில் 3.6 சதவீதம். நுரையீரல் பாதிப்பு முறையே 2.2, 4.9 சதவீதம். ஆபத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வார்டைப் பிரிக்கும் விதத்தில்தான் பெரிதும் இருக்கிறது என்று இந்த எண்கள் காட்டுகின்றன.

டாடா கணக்கைக் காட்டி ஆடக் கூடாது என்றேன் அல்லவா? அங்கே ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் இடைநிலை வயது 48. அறுபதைத் தாண்டியவர்கள் 13 சதவீதம் மட்டும். 68 சதவீதம் பேர் கேன்சரைத் தவிர வேறு உபாதை இல்லாதவர்கள். இத்தாலியின் லொம்பார்டியில் எழுபத்தைந்து வயதில் சர்க்கரையும் இதயநோயுமாக வந்து படுத்தவரோடு இவர்களை ஒப்பிட முடியாது. 494 பேரில் 377 பேருக்கு ஆபரேஷனுக்கு முன் பரிசோதனையே நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிகுறி இல்லாதவர்களுக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கிற வசதி அப்போது நாட்டிலேயே கிடையாது. ஆகவே அறிகுறி காட்டாமல் தொற்று வந்து போனவர்கள் இன்னும் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் டெஸ்ட் எடுக்காததால் சாவு கணக்கில் வராமல் போய்விடாது. மேலும், நம் நாட்டில் கேன்சர் வருகிறவர்களின் வயது லொம்பார்டியின் வயதைவிட டாடாவின் வயதுக்குத்தான் நெருக்கம். அங்கே எழுதிய எச்சரிக்கையை வயது பாராமல் இங்கே ஒட்டிவைத்ததுதான் தவறு.

இன்னொரு தகவலும் அன்று வாட்ஸாப்பில் சுற்றியது: கேன்சர் இருந்தால் கொரோனா ஐந்து மடங்கு மோசம் என்று. சீனாவிலிருந்து வந்த அந்த ஆய்வில் இருந்த கேன்சர் நோயாளிகள் மொத்தமே 18 பேர். அவர்களில் பலர் சிகிச்சை முடிந்து செக்கப்புக்கு மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள். பதினெட்டுப் பேரை வைத்து ஒரு தேசத்தின் தியேட்டர்களைப் பூட்டலாமா?

மூன்றாவதாக, ‘ஆபரேஷனுக்குப் பதிலாக இப்போதைக்குக் கீமோ கொடுங்கள், கரண்ட் வையுங்கள்’ என்றார்கள். சொல்வதற்குச் சுலபம். ரேடியேஷன் என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம், முப்பது முறைக்கும் மேல் ஒருவர் மருத்துவமனைக்கு வந்துபோக வேண்டும், பஸ்ஸே ஓடாத ஊரில். கீமோ எதிர்ப்புச் சக்தியைக் கீழே இறக்கிவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் அடுத்த டோஸுக்கும் மாதக்கணக்கில் அலையவைக்கும். தொற்றுக்குப் பயந்து செய்கிற மாற்றம் நோயாளியைத் தொற்றின் வாசலுக்கே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஆபரேஷன் என்றால் ஒரு அட்மிஷன். டாடாவில் துறைக்குத் துறை மாறினாலும் இடைநிலையாக ஒன்று முதல் ஒன்பது நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு, வாய்ப் புற்றில் அறுவை சிகிச்சையின் இடத்தைக் கரண்ட் மட்டும் நிரப்பிவிடாது. சில புற்றுகளில் முதலில் கீமோ கொடுப்பது நல்ல மருத்துவமே. அது கொரோனாவுக்கு முன்பும் நல்ல மருத்துவமாகத்தான் இருந்தது.

ஊழியர்களைப் பற்றிய வாதம் அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதில்லை. மூச்சுக்குழாயில் ட்யூப் போடும் அந்த அரை நிமிடத்தில் மயக்க மருந்து நிபுணரின் முகத்துக்கும் நோயாளியின் வாய்க்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. வாய், தொண்டை ஆபரேஷன்களில் கழுத்தில் துளையிட்டு ட்யூப் வைக்கும்போதும் அதே நிலைமை. ஏப்ரலில் என்95-க்கும் பிபிஇ கிட்டுக்கும் தட்டுப்பாடு இருந்தது. மும்பையில் மார்ச் 22 இரவோடு லோக்கல் ரயில் நின்றுவிட்டது. கல்யாணிலும் விராரிலும் பன்வேலிலும் குடியிருக்கிற நர்ஸும் வார்டு பாயும் பெஸ்ட் பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்கு வந்தார்கள். அவர்களுடைய பயத்தைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் அவர் தியேட்டருக்குள் போனதில்லை என்று அர்த்தம்.

ஆனால் தியேட்டரைப் பூட்டினால் அந்த ஆபத்து போய்விடுகிறதா? தள்ளிவைத்த புற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. தொண்டைக் கட்டி மூச்சை அடைத்து, இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் வந்து இறங்கும். பெருங்குடல் கட்டி குடலை அடைத்து வயிறு ஊதி வரும். அப்போது டெஸ்ட் எடுக்க நேரமில்லை, அனுபவப்பட்டவரை வரவழைக்க நேரமில்லை, கவச உடையை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளவும் நேரமில்லை. திட்டமிட்ட ஆபரேஷனில் இதெல்லாம் முடியும். ட்யூப் போடும்போது உள்ளே இரண்டு பேர் மட்டும், மற்றவர்கள் கதவுக்கு வெளியே. மேசைக்குப் போவது மூத்த நிபுணர். காற்று மாறும்வரை சர்ஜன் கைகழுவிவிட்டுக் காத்திருப்பது. பகலில் முறையோடு செய்ய வேண்டியதை நள்ளிரவில் பதற்றத்தோடு செய்யவைப்பது ஊழியரைக் காப்பாற்றும் வழியா?

‘நோயாளிகளே வரவில்லை, யாருக்கு ஆபரேஷன் செய்வது?’ என்பது இன்னொரு சமாதானம். இந்தியாவின் 41 கேன்சர் மையங்களின் கணக்கு லான்செட் ஆங்காலஜியில் வந்தது. 2020 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவு செய்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 54 சதவீதம் குறைவு. 1,12,270 பேர் வந்த இடத்தில் 51,760 பேர். பெரிய ஆபரேஷன்கள் 17,120-லிருந்து 8,677-ஆகப் பாதியாகின. அறுபதாயிரம் பேருக்குக் கேன்சர் வராமல் போய்விட்டதா என்ன? மார்ச் 22-லிருந்து மே 12 வரை நாட்டில் வழக்கமான பயணிகள் ரயிலே ஓடவில்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட பாஸ் வேண்டும். டாடாவுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தவர்களோ பரேல், தாதர் பக்கம் தர்மசாலைகளிலும் நடைபாதைகளிலும் மேம்பாலத்தடியிலும் ஃபைலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடந்தார்கள். ஊருக்குத் திரும்பவும் வண்டி இல்லை. அவர்களிடம் போய் ‘ஆபரேஷன் இப்போது கிடையாது’ என்பதற்குப் பெயர் முன்னெச்சரிக்கையா? தனியார் மருத்துவமனைகள் பலவும் கதவைச் சாத்தியிருந்த மாதங்கள் அவை. கையில் காசிருந்தவருக்கே வழி இல்லாதபோது, காசில்லாதவருக்கு அரசு தியேட்டரைத் தவிர வேறென்ன இருந்தது?

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.8 லட்சம் பேர் புற்றுநோயால் இறக்கிறார்கள் என்பது 2018-ம் ஆண்டு மதிப்பீடு. சாயங்காலக் கொரோனா புல்லட்டினில் அவர்களுக்கு இடமில்லை. கொரோனா சாவு அன்றன்றே எண்ணப்பட்டது. ஏப்ரலில் ஆபரேஷன் நடக்காத ஒருவர் அடுத்த வருடம் பிப்ரவரியில் கிராமத்தில் கண்ணை மூடினால், அதை ஏப்ரல் தள்ளிவைப்பின் கணக்கில் யாரும் எழுதப்போவதில்லை. அதிகாரிகளுக்குத் தள்ளிவைக்கும் முடிவு இவ்வளவு சுலபமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மிச்சமிருப்பது, வலுவானது என்று ஆரம்பத்தில் சொன்ன வாதம்: படுக்கையும் வென்டிலேட்டரும் ஆக்ஸிஜனும் கொரோனாவுக்கு வேண்டும் என்பது. ஒரு தனிக் கேன்சர் மருத்துவமனையைப் பொறுத்தவரை இதிலும் பெரிய பலமில்லை. அங்கே பக்கத்துப் படுக்கையில் கீமோ ஏறிக்கொண்டிருக்கும் குழந்தை இருக்கும். அதன் நடுவே கொரோனா வார்டு போட முடியாது. டாடா போலவோ, நம் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனை போலவோ கேன்சருக்கென்றே தனி வளாகம் இருப்பதன் லாபம் தொற்றுக்காலத்தில்தான் தெரியும். பெரும்பாலான கேன்சர் ஆபரேஷன்களுக்குப் பிறகு வென்டிலேட்டர் வேண்டியதும் இல்லை.

‘டாடா வேறு, நம்ம ஜி.எச். வேறு’ என்பார்கள். சரிதான். பொது மருத்துவமனையில் மோதல் நிஜம். மும்பையின் நாயர் மருத்துவமனையும் சென்னையின் ஓமந்தூரார் மருத்துவமனையும் கொரோனாவுக்கென்று மாற்றப்பட்டன. அப்படி மாற்றுவதைக் குறை சொல்ல மாட்டேன். மாற்றுகிற அன்றே அங்கிருக்கும் கேன்சர் நோயாளி எந்த மருத்துவமனையில், எந்தத் தேதியில் மேசை ஏறுவார் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். சர்ஜனையும் சேர்த்து அனுப்பலாம். கல்லூரி முகாம்கள் நின்று ரத்த வங்கி வற்றுகிற நேரம் அது. அதற்கும் அன்றே ஆள் தேட வேண்டும்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் நிலைமை வேறு. வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நிற்க, அடுத்த டேங்கர் எப்போது வரும் என்று மருத்துவமனைகள் மணிக்கணக்கை எண்ணின. மயக்கம் கொடுத்துச் செய்யும் எந்த ஆபரேஷனுக்கும் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்த பிறகும் வேண்டும். அந்த வாரங்களில் திட்டமிட்ட கேன்சர் ஆபரேஷனை நிறுத்தியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். அங்கே எனக்குச் சண்டை இல்லை.

சண்டை 2020 ஏப்ரலோடு. அந்த மாதக் கடைசியில் மத்திய அரசு 733 மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது சிவப்பில் இருந்தவை 130. தொற்றே பதிவாகாத, அல்லது மூன்று வாரமாகப் புதுத் தொற்று இல்லாத பச்சை மாவட்டங்கள் 319. தள்ளிவைக்கச் சொன்ன அறிவுரை மட்டும் மூன்று நிறத்துக்கும் ஒன்றாகவே போயிருந்தது. எத்தனை மணி நேர ஆக்ஸிஜன் கையிருப்பு, எத்தனை ஐ.சி.யூ. படுக்கை காலி, எத்தனை யூனிட் ரத்தம், எத்தனை ஊழியர் தனிமையில் என்ற நான்கு எண்களை ஒவ்வொரு மருத்துவமனையும் தினமும் காலையில் எழுதலாம். எந்த எண் எவ்வளவுக்குக் கீழே போனால் தியேட்டரை நிறுத்துவது, எந்த எண் ஏறினால் மறுநாளே திறப்பது, முதல் நாள் மேசை யாருக்கு என்பதைத் தொற்று இல்லாத இந்தக் காலத்திலேயே முடிவு செய்து கோப்பில் வைக்கலாம். அதற்கு டாடாவாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கண்காணிப்பாளர் போதும்.